டேவிட் ராஜை நீக்குவதற்கான வசனம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஆர்டரின் பேரில் வசனமாகப் பிறந்திருக்க வேண்டியது. கடலூரில் நாடகக் குழு நடத்தும் பெலிசியா போன் செய்தாள். அவள் குழுவுக்கு எழுதித் தருபவன் நான்.

"மாமா, ஒரு ஆள நீக்கணும். மனசு நோகாம சொல்ற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்க."

"யாரம்மா?"

"எங்க வூட்டுக்காரர."

நாலு வரி வரவில்லை. வராததையெல்லாம் சேர்த்துக் கதை என்று சொல்லிவிடலாம் என்பது என் தொழில் ரகசியம்.

2

முதல் தொடக்கம்: 'கலை என்பது ஒரு...' (அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் எதையும் நான் இரண்டாம் பக்கம் வரை படித்ததில்லை, நான் எழுதியது உட்பட.)

இரண்டாவது: முதுநகர் மாதா கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையர்களுக்குத் தாடி ஒட்டிவிட்டதுதான் பெலிசியாவின் முதல் தயாரிப்பு. அப்புறம் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம். சிலுவையில் ஏற வேண்டிய டேவிட் ராஜுக்கு அன்றைக்கு செகண்ட் ஷிப்ட். குடிகாட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனி கேட் முன்னால் நின்று, சூப்பர்வைசரைக் கெஞ்சி ஷிப்ட் மாற்றி வாங்கினாள். எங்கள் ஊரில் தயாரிப்பாளர் என்றால் கெஞ்சத் தெரிந்தவர். சிலுவையில் வசனம் குறைவு, டேவிட் ராஜ் தப்பித்தார். பெலிசியா தப்பிக்கவில்லை, கட்டிக்கொண்டாள். உடனே அவர், "ஒன் குரூப்புக்கு ஆள் வேணுமில்ல" என்று கம்பெனி வேலையை விட்டார்.

பிறகு காதுகுத்து, கடைத் திறப்பு, கல்யாண வரவேற்பு. இப்போது சிதம்பரத்தில் மண்டபம் வைத்திருக்கும் இளவரசு, முகூர்த்த நாளெல்லாம் ஒரு சிரிப்பு நாடகம் கேட்கிறார். வருஷ ஒப்பந்தம். இத்தனை காலம் அலைந்தது இதற்குத்தான். ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"எல்லாம் சூப்பர்மா. ராஜா வேஷம் கட்டினவர் மட்டும் வேணாம். ரேஷன் கடை போர்ட படிக்கிற மாதிரி பேசறாரு."

ராஜா அவள் கணவர் என்று இளவரசுக்குத் தெரியாது. அதைவிடக் கொடுமை, அவர் சொன்னது உண்மை.

3

(டேவிட் ராஜ் கொஞ்சம் கெட்டவராக இருந்தால் கதை சுலபம். குடிக்க வைத்துப் பார்த்தேன். பெலிசியா படித்துவிட்டு, "அவுரு டீயே அரை கிளாஸ்தான் குடிப்பாரு" என்றாள். அடித்தாயிற்று.)

தியாகம் செய்யத் துணிந்தேன். "வேணும்னா என்னைய நீக்கிடேம்மா."

"உங்கள போன வருஷமே நீக்கிட்டேன் மாமா. நீங்கதான் கவனிக்கல."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், என் வசனத்தை மேடையில் கேட்டு ரொம்ப நாளாகிறது. எவ்வளவு பதமாகச் செய்திருக்கிறாள்!

"அதையே அவருக்கும் செய்யலாமே?"

"அவுரு கவனிப்பாரு மாமா."

4

முடிவு அ: ஒப்பந்தத்தை உதறுகிறாள். (நீங்கள் கைதட்டுவீர்கள். வீட்டு வாடகைக்கு வரமாட்டீர்கள்.)

முடிவு ஆ: அவரே பெருந்தன்மையாக விலகிக்... (எல்லாருக்கும் வசதி. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இ: லைட், சவுண்டைப் பார்த்துக்கொள்ளட்டும். ("நடிக்கணும்னுதான் மாமா வேலைய வுட்டாரு.")

5

இன்றைக்குக் கையெழுத்து. இருவரும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறார்கள். அங்கேயே சொல்லிவிடுவதாகத் திட்டம். ஆட்டோக்காரர்கள் போடும் சத்தத்தில் பாதி காதில் விழாது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டாராம்:

"பெல்சி, ராஜா வசனத்த கொஞ்சம் கொறச்சிக்கட்டுமா? நான் ஜாஸ்தி பேசறனோன்னு தோணுது."

தண்ணி பாட்டில் வாங்குவதாகத் தள்ளி வந்து எனக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"சொல்லுங்க மாமா. என்ன சொல்லட்டும்?"

அவளுக்குப் பின்னால், ஆட்டோ சத்தத்தையும் மீறி ஒரு குரல் கேட்கிறது. டேவிட் ராஜ், வசனத்தைப் பாதியாக்கிப் பேசிப் பார்க்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. (பொய். இல்லை.) நிறுத்துகிறார். இன்னும் ஒரு வரியைக் குறைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்.

பெலிசியா லைனில் இருக்கிறாள். நீங்கள் ஏதாவது சொல்லுங்களேன், நான் போனை உங்கள் பக்கம்...