முந்திக்கொண்ட பலகை

மகள் டாக்டராகும் முன்பே மாணிக்கவாசகம் பலகை மாட்டிவிட்டார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம் அது. ‘டாக்டர் சந்திரமதி’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லி, மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் இருந்த வீட்டு வாசலுக்கு மேல் ஆணியும் அடித்தாயிற்று. மருத்துவப் படிப்பின் இறுதிச் சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு நாள் விடுப்பில் வந்த சந்திரமதி அதை நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியை வாங்கிய தங்கை பூங்காவனத்துக்குத்தான் அக்காவின் விரல்கள் சில்லிட்டிருந்தது தெரிந்தது.

கிணற்றடியில் அக்கா வாயைத் திறந்தாள். “மூணு வாரமா தூக்கமே இல்ல, பூங்கா. புத்தகத்தத் தொறந்தா எழுத்து ஓடுது. சோதனைக்குப் போகவே வேணாம்னு தோணுது. அப்பாகிட்ட சொல்லிராத.”

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பூங்காவனம் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் காலையில் பலகையை நம்பி அக்கம்பக்கத்தார் திரண்டுவிட்டார்கள். முதல் ஆளாக எதிர்வீட்டு அஞ்சலை முட்டிவலியோடு வந்து கையை நீட்டினாள். நாடி பிடித்த சந்திரமதியின் கை வெடவெடத்தது.

“அடியாத்தி! சீக்கு எனக்கா, டாக்டரம்மாவுக்கா?” என்றாள் அஞ்சலை. வாசலே சிரித்தது.

சந்திரமதி சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பலகையின் ஆணியை நெம்பினாள்.

அப்பா ஓடிவந்தார். “என்னம்மா பண்ற? ஊரே பாக்குது!”

“பாக்கட்டும்பா. நான் இன்னும் டாக்டர் இல்ல. தூக்கமில்லாம பயந்துபோய்க் கெடக்கேன். இதுக்குக் கீழ நடமாடிக்கிட்டு என்னால படிக்க முடியாது.”

பயத்தை இத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்த எவரையும் பூங்காவனம் அதுவரை பார்த்ததில்லை. முக்காலி ஆடியது. அப்பா மெல்லக் குனிந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

பலகையைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கிய சந்திரமதி அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “முட்டியக் காட்டுங்கக்கா. மருந்து குடுக்க எனக்கு இன்னும் உரிமை இல்ல. ஆனா இந்த வீக்கத்த விட்டுவைக்காதீங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

கை இன்னும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் தொட வேண்டிய இடத்தைத் தொட்டது. “போறேம்மா” என்ற அஞ்சலையின் குரலில் கேலி இல்லை.

அன்று மதியம் அக்கா அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அப்பாவே ரேடியோவை அணைத்தார். எழுந்ததும் அவள் பெட்டியை அடுக்கினாள். “ஃபெயிலானா திரும்ப எழுதிக்கலாம், பூங்கா.”

தம்பின் ஊர் ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த அக்காவைக் கண்டக்டர் கணேசமூர்த்தி எட்டிப் பார்த்தார். “யாரு, நம்ம டாக்டரம்மாவா?”

“இன்னும் இல்லலா. சோதனைக்குப் போறா. பயமா இருக்காம். இருந்தாலும் போறா!” என்று பஸ் முழுவதும் கேட்கச் சொன்னார் அப்பா.