கல்லுக்குக் கட்டம் போட்டவள்

கடலையே பார்த்திராத தேவதர்ஷினிக்குக் கடலுக்கடியில் வேலை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்தபடி செய்கிற வேலைதான். கடலடிப் பாறைகளில் வைத்த கேமரா எடுத்த படங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். மீன் இருந்தால் அதைச் சுற்றி மவுஸால் கட்டம் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் போட்டால், அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே மீனை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுமாம். கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதானே.

பெரிய மீனுக்கு யார் வேண்டுமானாலும் கட்டம் போடலாம். உயிரை எடுப்பது விரல் நீள மீன் ஒன்று. பாறையின் நிறம், பாறையின் சொரசொரப்பு, முதுகில் பாசி போலப் பிசிறு. அசையாமல் கிடந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இரண்டு முறை கல்லுக்குக் கட்டம் போட்டாள் என்று சுவர் போர்டில் தேவதர்ஷினி பெயருக்கு நேரே இரண்டு சிவப்புப் புள்ளிகள். மூன்றாவது விழுந்தால் வேலை காலி. மறுபடியும் ரிஷிவந்தியம் பக்கம் அம்மா சாலம்மாளோடு அடுத்தவர் கொல்லையில் களை வெட்டவும் காவல் காக்கவும்தான் போக வேண்டும். பன்னிரண்டாவது முடித்து நாலு வருஷம் அதைத்தான் செய்தாள். திரும்பிப் போகிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

அன்று காலை இன்னொரு கட்டம் போட்டாள். சூப்பர்வைசர் தீனதயாளன் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா, மறுபடியும் கல்லா?"

"கல்லு இல்ல சார், மீனு."

"கண்ணு எங்க, வாலு எங்க? காட்டு பாக்கலாம்."

காட்ட முடியவில்லை.

"கட்டத்த எடுத்துடு. நான் பாக்காத மாதிரி போய்டறேன்."

பக்கத்து நாற்காலி ராதிகா அவள் காலை மிதித்தாள். எடுத்துத் தொலையேன் என்று அர்த்தம். தேவதர்ஷினியின் கை மவுஸுக்குப் போனது, போன வேகத்தில் திரும்பியது. மீனை மீன் என்று சொல்லக்கூடவா பயப்பட வேண்டும்? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், அடுத்தடுத்த படத்த தட்டிப் பாருங்க. பாசியெல்லாம் அலைக்கு ஒண்ணா சாயுது. இந்தக் கல்லு மேல இருக்கறது மட்டும் தனியா ஆடுது."

"ஆடுனா?"

"மக்காச்சோளக் கொல்லையில பன்னி பூந்தா, பன்னியா சார் தெரியும்? காத்துக்குக் கொல்லை மொத்தமும் ஒரு பக்கமா சாயும். பன்னி நிக்கற எடம் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஆடும். பரண் மேல குந்திக்கினு நாலு வருசம் அதத்தான் பாத்துக்கினு இருந்தேன். உங்க மிஷின்ல முழு வீடியோ இருக்குதில்ல, ஓட்டுங்க!"

தீனதயாளன் உளுந்தூர்பேட்டை ரோட்டோரத்தில் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர். பன்றிக் கதை அவருக்குப் புதிது. இதுவரை யாரும் ஓட்டச் சொன்னதில்லை, அவரும் ஓட்டியதில்லை. ஓட்டினார்.

ஒரு நிமிஷம் போனது. கல் கல்லாகவே கிடந்தது. ராதிகா நகத்தைக் கடித்தாள். வீடியோ முடிய இன்னும் பத்தே நொடி. எங்கிருந்தோ ஒரு குட்டி இறால் ஊர்ந்து வந்தது. கல் வாயைத் திறந்தது. இறாலைக் காணோம்!

ஆபீஸே கத்தியது. கீழே பாத்திரக்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"பொழச்ச போ," என்று சிரித்தார் தீனதயாளன்.

தேவதர்ஷினி நகரவில்லை. "அந்தப் பழைய ரெண்டையும் ஓட்டுங்க சார்."

முதல் கல் நாற்பதாவது நொடியில் வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. தீனதயாளன் எழுந்து போய் ஒரு புள்ளியை அழித்தார். இரண்டாவது கல் கடைசிவரை அசையவில்லை. அது உண்மையிலேயே கல். தேவதர்ஷினிக்கு முகம் தொங்கிப் போனது. அப்போது அதற்குப் பக்கத்தில், யாருமே கட்டம் போடாத இன்னொரு கல் மெல்ல எழுந்து நீந்திப் போனது.

"இதுல மீனே இல்லன்னு பாஸ் பண்ணது யாரு?" என்றாள் ராதிகா.

தீனதயாளன் மறுபடியும் போர்டுக்குப் போனார். அதில் அவர் பெயர் இல்லை. எல்லாப் பெயர்களுக்கும் மேலே தன் பெயரை எழுதி, நேரே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

"இன்னும் எத்தினி வுட்டேனோ தெரியல," என்று தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "குந்தும்மா. நான் பாஸ் பண்ணதெல்லாம் நீ ஒரு தபா பாரு."