வராத புண்

காமாலை இறங்கி வேலைக்குத் திரும்பிய அன்று, வார்டுக்குள் காலை வைத்ததுமே இர்பானாவின் முகத்தில் அடித்தது, கல்யாண வீடு மாதிரி கமகமவென்று பவுடர் வாசனை.

புதுவாயல் கூட்டுரோட்டை ஒட்டிய அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் தலைமை நர்ஸ். படுத்த படுக்கையானவர்களுக்குப் புண் வராமலிருக்க, முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, அழுத்தித் தேய்ப்பது அங்கே காலங்காலமாக நடந்த வழக்கம். நர்சிங் பள்ளியில் அவளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போனபோதுதான், ஆராய்ச்சிகள் அதைத் தப்பென்று சொல்லி வருஷங்களாகிவிட்டன என்று தெரிந்தது. சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்சதை நசுங்கும். ஆளைப் புரட்டிப் படுக்கவைத்து, அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து பெரிய டாக்டரோடு மல்லுக்கட்டி, பவுடர் டப்பாக்களைத் தூக்கியெறிந்தாள். புண் விழுவது வெகுவாகக் குறைந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வராத புண்ணை யார் பார்க்கிறார்கள்?

உருக்காலையில் உயரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போன சாலமோனுக்கு, சக்கர நாற்காலியில் வாழப் பழக்கும் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. முதுகில் புண் இருந்தால் மட்டும் சேர்க்க மாட்டார்கள். இர்பானா லீவில் போகும்போது அவன் முதுகு வழுவழுவென்று இருந்தது.

இப்போது புரட்டிப் பார்த்தாள். இடுப்பெலும்புக்குக் கீழே கறுத்துக் குழிந்து, உள்ளே எலும்பு தெரிந்தது. வலியே தெரியாத சாலமோன், எப்போது அனுப்புவீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவள் நம்பி வார்டை விட்டுப்போன நர்ஸ் மோனிகா, தலை நிமிராமல் சொன்னாள். பழகிய நர்ஸ்களெல்லாம் வளைகுடாவுக்குப் பறந்துவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் படித்தது பவுடர்தான். ஆளைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும், ஷிப்டுக்கு ஒருத்திதான் இருந்தாள். இதில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வேறு, ஒரு பவுடர்கூடப் போடுவதில்லை என்று பெரிய டாக்டரிடம் முறையிட, அவரே டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"சொல்லிச் சொல்லிப் பாத்தேன்க்கா. அப்புறம் நானே தேய்க்க ஆரம்பிச்சிட்டேன்."

இர்பானாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருஷமாக வார்டு மாறிவிட்டதென்று நம்பியிருந்தாள். அவள் நின்றவரைக்கும்தான் அது மாறியிருந்தது. இனி முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை.

டீ வாங்கப் போயிருந்த முத்தம்மா, சாலமோனின் மனைவி, அவளைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். ஸ்பிரிட்டில் தோல் உரிந்து வெளுத்திருந்தன.

"நீ இல்லன்னு நா வுட்டுடல சிஸ்டர். செவந்துகினு இருந்துச்சா, அவுங்க ஒரு வாட்டி தேய்ச்சா நா நாலு வாட்டி தேய்ச்சேன். ஆறிடும் இல்ல? அந்த இல்லத்துல எடத்த வேற யாருக்கும் குடுத்துட மாட்டாங்களே?"

இர்பானா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துக்கினீங்கக்கா."

முத்தம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே தலைமாட்டிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்தாள்.