சூடம் அணையும் மட்டம்

பூசாரி செல்லையா வந்து சேர மணி பத்தாகிவிட்டது. அதுவரை பட்டறையில் வேலை செய்யும் பதினொரு பேரும் குழி உலையைச் சுற்றி நின்றுகொண்டே இருந்தார்கள். பக்கத்தில் நாற்காலிகள் கிடந்தன, ஆனால் யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. கலாவதி கால் கட்டிய சேவலை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் விலா எலும்பில் தெரிந்தது.

ஒன்பது நாளுக்கு முன் அந்தக் குழிக்குள்தான் செல்லமுத்து செத்துப்போனான். விழவில்லை, அடிபடவில்லை, கத்தவும் இல்லை. தேநீர் நேரத்துக்கு ஆளைக் காணோம் என்று எட்டிப் பார்த்தபோது, கீழே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கையில் இரும்பு வளையம். முகத்தில் லேசாகச் சிரிப்பு. டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் கடைசி வரிசைப் பட்டறை அது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. லோரிகளுக்கான வளையங்களையும் பற்சக்கரங்களையும் சூடாக்கிக் கடினப்படுத்தித் தருவார்கள். உலை என்பது தரைக்குள் பத்தடி ஆழத்துக்குப் புதைத்த எஃகுப் பானை. வளையங்களைக் கூடையில் அடுக்குவதும், கூடையை, பாரம் தூக்கும் யந்திரமான ஹாய்ஸ்டின் சங்கிலியில் மாட்டிப் பானைக்குள் இறக்குவதும் கலாவதியின் வேலை. பிறகு மூடியைப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் ஒரு கேஸை நிரப்பிக் காய்ச்சுவார்கள். காற்றுப் பட்டால் இரும்பு கறுத்துவிடும். இங்கே காய்ந்த இரும்பு முகம் பார்க்கிற மாதிரி வெளியே வரும். கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பளபளப்புத்தான்.

கூடையிலிருந்து வளையம் நழுவி அடியில் விழுந்தால், பானை ஆறிய பிறகு ஏணி வைத்து ஒருவர் இறங்கி எடுக்க வேண்டும். அந்த வேலை செல்லமுத்துவுடையதாக இருந்தது. இனி மகேந்திரனுடையது. மகேந்திரன் கலாவதியின் புருஷன்.

"இந்த எடம் முன்னாடி என்னா?" என்று கேட்டார் செல்லையா.

"தோட்டம்தாங்க. சுடுகாடு இந்தப் பக்கம்தான் இருந்துச்சுன்னு சொல்றாங்க" என்றான் மகேந்திரன்.

செல்லையா தலையை ஆட்டினார். பித்தளைத் தட்டில் சூடத்தைக் குவித்துப் பற்ற வைத்தார். "இத அடிமட்டும் எறக்கும்மா. எரிஞ்சுக்கிட்டே போய்ச் சேந்துச்சுன்னா முனியாண்டி உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம்."

கலாவதி சேவலைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தட்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு ஹாய்ஸ்ட் பட்டனை அழுத்தினாள். தட்டு மெதுவாக இறங்கியது. ஏணியின் முதல் படி, இரண்டாம் படி. மூன்றாம் படியருகே சுடர் தட்டைவிட்டு மேலே எழும்பியது, ஒரு கணம் தனியாக நின்றது, இல்லாமல் போனது. காற்று கொஞ்சமும் அசையவில்லை. புகை மட்டும் மேலே வராமல், அதே மட்டத்தில் பாலாடை மாதிரிப் பரவிக் கிடந்தது.

இரண்டாம் முறையும் அதே படி. மூன்றாம் முறையும் அதே படி.

யாரோ அழ ஆரம்பித்தார்கள். செல்லையா தட்டைக் கீழே வைத்தார். "ஒத்துக்க மாட்டேங்குறாரு" என்றார். மகேந்திரன் வேட்டியின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். பூசைக்காகக் கட்டி வந்த புது வேட்டி.

மேனேஜர் வைரவநாதன் எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார். அவருடைய தாத்தா இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, தொழிலாளர் கணக்கு எழுதுபவராக இருந்தவர். இவர் வெளிநாட்டில் படித்த என்ஜினியர். யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. சேவலும் பூசைச் சாமான்களும் அவர் செலவுதான்.

ஹாய்ஸ்டுக்குப் பக்கத்தில் நின்றதால் மற்றவர்கள் பார்க்காததைக் கலாவதி பார்த்தாள். வைரவநாதன் நிதானமாக நடந்து உலையின் பின்பக்கம் போனார். குனிந்து அங்கிருந்த சிவப்பு வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் இறுக்கித் திருகினார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"புகை அடைச்சு நிக்குதுலா. புளோவர் கொழாய உள்ள விட்டுக் காத்தடிங்க. அரை மணி நேரம் கழிச்சு மறுபடி பாப்போம்."

அரை மணி நேரம் கழித்து, சூடம் எரிந்துகொண்டே அடிவரை போய்ச் சேர்ந்தது. பானையின் உட்சுவர் முழுக்க மஞ்சளாகத் துலங்கியது. செல்லையா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். சேவலை அறுத்தார்கள். மகேந்திரன் இறங்கி, செல்லமுத்து எடுக்காமல் விட்ட இன்னும் இரண்டு வளையங்களோடு ஏறி வந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் கலாவதி வைரவநாதனை வழிமறித்தாள்.

"சார், பின்னால என்னா சார் மூடுனீங்க?"

"தண்ணி லைன்மா. கொஞ்சம் லீக்கு."

"கேஸ் இல்லியே?"

வைரவநாதன் சிரித்தார். "கேஸா இருந்தா நாத்தம் அடிக்கும்ல? உங்க வீட்டு அடுப்புல லீக் ஆனா தெரியுமா தெரியாதா?"

தெரியும் என்றுதான் அவளும் சொன்னாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அன்று முழுக்க அந்தச் சிவப்புச் சக்கரத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபடி மகேந்திரனிடம் சொன்னாள். "நீங்க வேற வேல கேளுங்க."

"ஏஜெண்டுகிட்டியா? மாட்டேன்னு சொன்னா நாளைக்கே பங்ளாதேஷ்காரன் ஒருத்தன அனுப்பிருவான். சார் படிச்சவரு. தெரியாமலா எறங்கச் சொல்லுவாரு?"

அதற்குப் பிறகு சூடம் காட்டாமல் யாரும் பானைக்குள் இறங்கியதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. கலாவதி ஒரு டப்பா சூடத்தை ஹாய்ஸ்ட் தூணில் கட்டித் தொங்கவிட்டாள், அவ்வளவுதான். சில நாள் சூடம் அடிவரை எரியும். சில நாள் மூன்றாம் படியில் அணையும், சில நாள் விளிம்பிலேயே அணையும். அணைந்தால் முனியாண்டிக்குக் கோபம். புளோவரைப் போட்டுக் காத்திருப்பார்கள். ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. எரியாத நாள்களில் கீழே டார்ச் அடித்துப் பார்த்தால் பல்லிகள் கிடக்கும். கருகாமல், நசுங்காமல், கண் திறந்தபடி கிடக்கும். மகேந்திரன் அவற்றைக் காகிதத்தில் பொறுக்கி எடுத்து வந்து செம்பனைக் காட்டில் போடுவான்.

ஏழு வாரம் இப்படிப் போனது. எட்டாம் வாரம் பட்டறைக்கு வெள்ளை அடித்தார்கள். வெளிநாட்டிலிருந்து பெரிய வாடிக்கையாளர்கள் பார்வையிட வருகிறார்களாம். நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று நான்கு மொழியில் பலகை வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வைரவநாதனே வந்து சூட டப்பாவைத் தூணிலிருந்து அவிழ்த்தார்.

"சாமி வெளிய இருக்காரும்மா, கும்பிடுங்க, யாரு வேணான்னா? உள்ள நெருப்பு ஆகாது. அதோட, ஒவ்வொரு வாட்டியும் ஒன்றரை மணி நேரம் வேஸ்ட் ஆகுது."

"சூடம் அணையுதா இல்லியான்னு பாக்காம, எறங்கலாமான்னு எப்பிடி சார் தெரியும்?"

"அணையறதுக்கும் எறங்குறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் அவர், பொறுமையாக. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். ஆறு பேர், ஆறு புது வெள்ளைத் தலைக்கவசம். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கையகல மஞ்சள் பெட்டி ஒன்று செருகியிருந்தது. இடம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று புளோவரையும் குழாயையும் ஸ்டோருக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். அன்று காலைதான் ஒரு கூடை வெளியே வந்திருந்தது. பானை திறந்திருந்தது, ஆறியிருந்தது.

விருந்தாளிகள் பானையின் விளிம்பில் வந்து நின்று குனிந்து பார்த்தார்கள். ஒரு பெட்டி கீச்சென்று கத்தியது. அடுத்து இன்னொன்று. பிறகு ஆறும் சேர்ந்து கத்தின. கலாவதி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை, எந்த வாடையும் இல்லை. குழி எப்போதும்போல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஆறு பேரும் சட்டென்று பின்னால் நகர்ந்தார்கள். பத்தடி தள்ளிப் போனதும் சத்தம் நின்றது. வைரவநாதன் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

மூன்று மணிக்கு வேன் அவர்களை ஏற்றிப் போனது. வைரவநாதன் பெட்டிகளைத் திரும்ப வாங்கி, சட்டையோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"அது என்னா சார் கத்துச்சு?"

"விசிட்டர் செட்டும்மா. காத்து கம்மியா இருந்தா கத்தும்."

"எங்களுக்கு இல்லியா?"

"நீங்க தெனமும் இருக்கறவங்க. பழகியிருக்கும்லா." நடந்துகொண்டே சொன்னார். "மகேந்திரன், அடியில ரெண்டு வளையம் கெடக்கு. நாலு மணிக்கு அடுத்த லோட் போகணும். சீக்கிரம் எடுத்துருங்க."

"புளோவர எடுத்துட்டு வந்துர்றேன் சார்" என்றான் மகேந்திரன்.

"ஸ்டோர் சாவி வெச்சிருக்கறவன் போய்ட்டான். ரெண்டு நிமிஷ வேல."

மகேந்திரன் கையுறையை மாட்டிக்கொண்டான். கலாவதி அவன் சட்டையைப் பிடித்தாள். "வேணாங்க."

"நேத்தும் எறங்குனேன், முந்தாநாளும் எறங்குனேன். என்னா ஆச்சு?"

"நேத்து சூடம் எரிஞ்சுச்சு."

அவன் ஏணியை எடுத்துப் பானைக்குள் வைத்தான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை அவளால் காண முடிந்தது. கூடை கட்டுகிற நைலான் கயிற்றை எடுத்து அவன் அக்குளுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி முதுகில் முடிந்தாள். கயிற்றின் மறுமுனையை ஹாய்ஸ்ட் கொக்கியில் மாட்டினாள்.

"ஆள மாட்டக் கூடாது அதுல" என்றான் மகேந்திரன்.

"சும்மாதான். நான் கூப்புடக் கூப்புட பதில் சொல்லிக்கிட்டே இருங்க."

அவன் இறங்கினான். மூன்றாம் படிக்குக் கீழே தலை மறைந்தது.

"ஏங்க."

"ம்."

"ஏங்க."

"ஒன்ன எடுத்துட்டேன்."

குரல் அவனுடையதாக இல்லை. தடித்து, தணிந்து, இரும்புக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி வந்தது. செல்லமுத்துதான் பேசுகிறானோ என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றிவிட்டது.

"ஏங்க."

கீழே வளையம் உருளும் சத்தம் கேட்டது. உருண்டு, சுவரில் மோதி நின்றது.

"ஏங்க!"

எட்டிப் பார்த்தாள். மகேந்திரன் உட்கார்ந்திருந்தான். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி. அண்ணாந்து அவளைத்தான் பார்த்தான். சிரிக்கத் தொடங்கியிருந்தான்.

"மகேந்திரா!"

கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. அது பானைக்குள் போய்ச் சுற்றிவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. விரல் பட்டனில் இருந்தது. அழுத்தினாள். கயிறு விறைத்தது. அவன் கழுத்துத் தொங்க, கைகள் இரண்டு பக்கமும் ஆட, ஏணியில் இடித்து இடித்து மேலே வந்தான். இவ்வளவு மெதுவாக ஓடும் யந்திரம் இது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தரையில் கிடத்தியபோது உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அவன் நெஞ்சில் அடித்தாள், முகத்தில் அடித்தாள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். முதல் மூச்சு கிழிகிற சத்தத்தோடு உள்ளே போனது. இரண்டாவது மூச்சில் இருமினான். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கிளினிக்கில் ரத்த அழுத்தம் என்று எழுதினார்கள். இரண்டு நாள் லீவு.

மறுநாள் காலை வைரவநாதன் கலாவதியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். மகேந்திரன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்தார்.

"ஹாய்ஸ்ட்ல ஆளத் தூக்கறது பெரிய குத்தம்மா. கயிறு அறுந்திருந்தா என்னா ஆகியிருக்கும்? எச்சரிக்கை லெட்டர் குடுக்காம விட முடியாது. இது உங்க சேப்டிக்குத்தான்."

"தூக்கலன்னா செத்திருப்பாரு சார்."

"அது வேற விஷயம். மறுபடி இப்பிடிச் செஞ்சா வேலைய விட்டு நிறுத்த வேண்டியிருக்கும். இங்க சைன் பண்ணுங்க."

மேசை முழுக்க மஞ்சள் பெட்டிகள் சார்ஜில் கிடந்தன. ஆறு பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. அவள் தாளை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். வைரவநாதன் பெட்டிகளை ஒவ்வொன்றாக, ஒயர் கழன்றுவிடாமல் பார்த்து ஓரமாக நகர்த்தி, அவள் கையெழுத்துப் போட இடம் செய்து கொடுத்தார்.