பிடுங்கிப் போட்ட காடு

மடுல்கெல்லைக்கு மேலே, காட்டுக்குள், செடி எண்ணுவதற்காகத் தான் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்த முதல் கட்டத்தைப் பார்த்ததும் றீற்றா பையைக் கீழே போட்டுவிட்டாள். பத்தடிக்குப் பத்தடிக் கட்டம். நான்கு மூலையிலும் அவள் அறைந்த முளைகள் இருந்தன, கயிறும் இருந்தது. உள்ளேதான் ஒன்றுமே இல்லை. ஒரு புல், ஒரு கன்று, ஒரு பன்னம் மிஞ்சவில்லை. கல்யாண வீட்டு முற்றம் போல மண் பளிச்சென்று கிடந்தது.

இரண்டாவது கட்டத்துக்கு ஓடினாள். அங்கேயும் அதே கதை. ஐந்தாவதை எட்டியபோது ஓடுவதற்குத் தெம்பில்லை. ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

றீற்றா வின்சன்ட் கண்டியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் ஆசிரியை. வயது இருபத்தேழு. லீவு விட்டால் மற்ற டீச்சர்மார் புடவைக் கடைக்குப் போவார்கள். இவள் வத்துகாமத்துக்கு ரயிலேறி, அங்கிருந்து லொறியோ வண்டியோ பிடித்து, இந்தக் காட்டுக்கு வருவாள். குனிந்து செடி எண்ணுவாள். இரண்டு வருஷமாக இதே வேலை. பெரிய மரங்களை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம், அவற்றின் காலடியில் என்னென்ன முளைக்கிறது என்பதில்தான் காட்டின் ஆயுள் இருக்கிறது என்பது அவள் கட்சி. கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்த அவளுடைய அப்பா, கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடம், “மகளுக்குக் காட்டுல உத்தியோகம்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

அந்த 1928ஆம் வருஷம்தான் வம்பு வந்தது. தேயிலைக்கு நல்ல விலை. கீழே இருந்த தேயிலைத் தோட்டத்தின் நிர்வாகியான பெரியதுரை, தோட்டத்துக்கு மேலே இருந்த நாற்பது ஏக்கர் அரசாங்கக் காட்டை விலைக்குக் கேட்டு எழுதிவிட்டார். பதினைந்து வகை மரம், மீதியெல்லாம் களை, அழித்தால் யாருக்கும் நட்டமில்லை என்பது அவர் வாதம். இப்படி ஒரு காடு அழிந்தால் திரும்ப வராது, இதிலிருந்து இறங்கும் ஓடையும் கூடவே போய்விடும் என்று றீற்றா அரசாங்க அலுவலகமான கண்டிக் கச்சேரிக்கு ஆட்சேபம் எழுதினாள். நாற்பத்துமூன்று வகைச் செடிகளின் பட்டியலையும் இணைத்தாள். ஒரே செடியை மூன்று தடவை எண்ணியிருக்கிறாள் என்றார் பெரியதுரை. கச்சேரியை ஆளும் வெள்ளைக்கார அதிகாரி, கச்சேரித் துரை, இருவருக்கும் பொதுவாக ஒரு பதில் போட்டார்: “காகிதத்தை வைத்து முடிவெடுக்க மாட்டேன். நிலத்தில் காட்டவும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வருகிறேன்.”

இன்றைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. இப்போது மணி எட்டு. காட்டுவதற்கு வெறும் மண்தான் இருந்தது. வேறு இடத்தில் புதிதாக எண்ணிப் பெயர் எழுத மூன்று மணி நேரம் போதாது.

“என்னா டீச்சர், எப்பிடி இருக்கு? ஒத்தப் புல்லு கண்ணுல படுதா பாருங்க!”

வடிவம்மா வந்து நின்றாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்காரி, றீற்றாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ஓடை வற்றினால் லயத்துக்குத் தண்ணீர் இல்லை என்பதால், ஞாயிறு தோறும் கயிறு பிடிக்கவும் முளை அறையவும் தானாக வந்து சேர்ந்துகொண்டவள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“வடிவு, யாரு இதச் செஞ்சது?”

“வேற யாரு, நாந்தான். நேத்து விடிஞ்சதுலருந்து பொழுது சாயிற வரைக்கும். தொர பாக்க வர்றாருன்னு நீங்கதான சொன்னீங்க? தொர வர்ற மலையில களை நின்னா நமக்கு மரியாதையா?”

“ஐயோ வடிவு! அந்தச் செடியளப் பாக்கத்தான் அவர் வர்றார்!”

“எண்ணி முடிச்சாச்சுன்னு போன மாசம் சொன்னீங்களே டீச்சர்...”

சொன்னாள்தான். படித்தவர்களிடம் இது ஒரு கோளாறு, முக்கியமானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார்கள். துரை வருகிறார் என்றவள், எதைப் பார்க்க வருகிறார் என்று சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கோ துரை வருகிறார் என்றால் அர்த்தம் ஒன்றுதான். களையை எடு, மண்ணைக் காட்டு.

றீற்றாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவும் இல்லை. வாய்விட்டே அழுதாள். இரண்டு வருஷ உழைப்பு, நாற்பது ஏக்கர் காடு, எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போய்விட்டதே என்று அழுதாள். வடிவம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“புடுங்கினதையெல்லாம் எங்க வீசினே?” என்று கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் றீற்றா. ஏதோ கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

“வீசுவனா? கங்காணி பாக்காம குப்பையக் கொட்டினா அன்னைக்குப் பேரு போட மாட்டாங்க, கூலியும் இல்லையே. பழக்கம் விடுமா? அந்தா, ஓடைப் பக்கம் இருக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு குமி.”

றீற்றா எழுந்தாள்.

ஓடைக்கரை நிழலில் ஐந்து குவியல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஈரச் சாக்கு. றீற்றா ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். செடிகள் அப்போதுதான் பிடுங்கியவை போல நிமிர்ந்து இருந்தன. எதிலும் வேர் அறுந்திருக்கவில்லை.

“தண்ணி எதுக்குத் தெளிச்சே?”

வடிவம்மா கொஞ்சம் நெளிந்தாள். “காஞ்சா குமி சுருங்கிரும் டீச்சர். ‘இம்புட்டுத்தான் புடுங்கினியா’ன்னு கங்காணி ஏசுவாரு. அதான் எல்லாரும் தண்ணி தெளிச்சு வப்போம். வெளிய சொல்லிறாதீங்க.”

தோட்டத்துப் பெண்கள் கங்காணியை ஏமாற்றக் கண்டுபிடித்த அந்தத் தந்திரத்துக்கு றீற்றா மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

பிறகு பேச நேரமிருக்கவில்லை. சாக்குகளைக் கிழித்து விரித்து, குவியல் குவியலாகப் பிரித்து, ஒரு வகைக்கு ஒரு செடி என்று அடுக்கினார்கள். நாற்பத்துமூன்று தாண்டியது. றீற்றா நம்பாமல் மறுபடி எண்ணினாள். ஐம்பது, அறுபது என்று ஏறிக்கொண்டே போய் எழுபத்தொன்றில் நின்றது. இரண்டு வருஷமாக அவள் மேலிருந்து பார்த்துத்தான் எண்ணியிருக்கிறாள். வடிவம்மாவின் விரல்களோ சருகுக்குள் நுழைந்து, இரண்டே இலை விட்ட முளையைக்கூட விடாமல் எடுத்திருந்தன. இத்தனை நாளும் தன் கண்ணுக்குத் தப்பிய இருபத்தெட்டு வகைகள் வரிசையில் கிடப்பதைப் பார்த்தபோது றீற்றாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

பதினொரு மணிக்குக் கச்சேரித் துரை வந்தார். அவரோடு கச்சேரிக் கிளார்க் முத்துலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். பின்னால் பெரியதுரையும், கைத்தடியோடு வீரையா கங்காணியும்.

ஐந்து கட்டங்களில் பிடுங்கிய எழுபத்தொரு வகை என்று றீற்றா சொன்னதும், சாக்கில் இருந்ததைப் பார்த்துப் பெரியதுரை வாய்விட்டுச் சிரித்தார். “வேறு காடுகளிலெல்லாம் சுற்றிப் பொறுக்கி வந்தால் எழுபதென்ன, நூறுகூடச் சேர்க்கலாம்” என்றார் ஆங்கிலத்தில்.

கச்சேரித் துரை றீற்றாவைப் பார்த்தார். அந்தச் சந்தேகம் நியாயமானது என்பது அவளுக்கும் தெரிந்தது. வாயால் சொல்லி அதைத் தீர்க்க முடியாது.

“பெரியதுரையே ஒரு இடத்தைக் காட்டட்டும்” என்றாள். “எங்கே வேண்டுமானாலும். ஐந்தடிக்கு ஐந்தடி போதும். இந்த வடிவம்மா உங்கள் கண்முன்னால் பிடுங்குவாள்.”

பெரியதுரை சும்மா விடுவாரா? தேடித் தேடி, ஒரு பெரிய மரத்தடியில் சருகைத் தவிர ஒன்றும் தெரியாத இடத்துக்குப் போய்ப் பூட்ஸ் காலால் தட்டினார். “இங்கே.”

றீற்றாவே அந்த இடத்தை ஒருநாளும் எண்ணத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாள்.

முத்துலிங்கம் தமிழில் விஷயத்தைச் சொன்னார். வடிவம்மா ஒரு தடவை வீரையாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தப் பொம்பள வேலை தெரிஞ்சவளா?” என்று கேட்டார் முத்துலிங்கம்.

“களை புடுங்குறதுல எங்க தோட்டத்துலயே மொத ஆளுங்க ஐயா” என்றார் வீரையா, நெஞ்சை நிமிர்த்தி. “இவ போன எடத்துல ஒண்ணு மிஞ்சாது.” சொன்ன பிறகுதான் பெரியதுரையின் முகத்தைப் பார்த்தார். பிறகு மரத்து உச்சியைப் பார்த்தார்.

வடிவம்மா கொசுவத்தைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கையும் சருகுக்குள் போயின. முதலில் ஒரு நூல் போன்ற முளை வந்தது. பிறகு நுனி சுருண்ட ஒரு பன்னக் குஞ்சு. பிறகு காட்டு ஏலத்தின் ஒற்றை இலை. ஒவ்வொன்றையும் அவள் பின்பக்கமாக நீட்ட, றீற்றா வாங்கி அடுக்க, முத்துலிங்கம் எண்ணினார். “பன்னிரண்டு... பதின்மூன்று... நில்லும் பிள்ளை, இது முந்தி வந்ததெல்லே?”

“ஒரே செடி!” என்று பாய்ந்தார் பெரியதுரை. “இப்படித்தான் எண்ணியிருக்கிறாள்!”

வடிவம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தக் குரல் தெரியும். இரண்டு கன்றுகளையும் வாங்கி, தண்டை ஒடித்துக் கச்சேரித் துரையிடமே நீட்டினாள். ஒன்றில் பிசுபிசுவென்று பால் கசிந்தது. மற்றதில் ஒன்றும் இல்லை.

“இது கீனா மரக் கன்னு. அது காட்டு நாவல். கையில ஒட்டுதா பாருங்க தொர.”

துரை விரலை ஒட்டிப் பார்த்தார். ஒட்டியது.

இருபதைத் தாண்டியபோது எல்லாரும் கிட்டே வந்தார்கள். வீரையாகூடக் குனிந்து பார்த்தார். வடிவம்மா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது சாக்கில் முப்பத்திரண்டு வகைகள் இருந்தன. பெரியதுரை தேர்ந்தெடுத்த மொட்டை நிலத்தில் மட்டும் முப்பத்திரண்டு!

கச்சேரித் துரை அந்த மரத்தடியையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்துலிங்கத்திடம் நாலே நாலு வரி சொன்னார். முத்துலிங்கம் எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு, றீற்றாவிடம் வந்தார்.

“விளங்கினதே பிள்ளை? காடு விற்பனைக்கு இல்லை. அரசாங்கக் காடாகவே இருக்குமாம். ஓம், எழுதிப்போட்டன்.”

பெரியதுரை விடுவிடுவென்று இறங்கிப் போனார். றீற்றா வடிவம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் மேலும் அப்பியிருந்த சேறு ஒன்றானது. மறுபடியும் அழுதாள். இந்த அழுகைக்கு வடிவம்மா பயப்படவில்லை. ஓட்டமாகக் காட்டின் ஓரத்துக்குப் போய், கீழே தேயிலை மலையைப் பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

“ஏ... புள்ளைகளா! காடு நம்மளுக்குத்தான்!”

கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மேல் நிரையில் ஒருத்தி அதை வாங்கி அடுத்த நிரைக்குக் கத்தினாள். அங்கிருந்து அடுத்ததற்கு. மலை முழுக்கச் சத்தம் இறங்கிப் போயிற்று.

றீற்றா வண்டி பிடிக்கத் தனியாகக் கீழே இறங்கி வந்தபோது, கடைசி நிரையில் கூடையோடு நின்ற ஒரு பெண் அவளை மறித்தாள். முன்பின் பார்த்திராத முகம்.

“வெளியூராம்மா நீங்க? விசயம் தெரியுமா? எங்க காட்ட விக்க மாட்டாங்களாம்! நூத்துக்கணக்குல செடி இருக்காம் உள்ள. எங்க வடிவு அம்புட்டையும் புடுங்கி, தொர மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டாளாம்!”

றீற்றா பையை இறக்கி வைத்துவிட்டு, பாதையோரக் கல்லில் வசதியாக உட்கார்ந்தாள்.

“அப்பிடியா? மொதல்லருந்து சொல்லுங்க” என்றாள்.