பாதிக் கரடு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பேருந்துச் சன்னலில் கிடைத்தது. கடத்தூரைத் தாண்டியதும் கரடு என்று அங்கே சொல்கிற ஒரு சிறு குன்றின் சரிவில் முப்பதடிக்கு முப்பதடி கம்பி வேலி தெரிந்தது. வேலிக்குள் மரமில்லை, கொட்டகையில்லை, இடுப்பளவு புல் மட்டும். வெளியே, ஆடு கடித்து ஒட்டக் கத்தரித்த பச்சை. புல்லுக்குப் போய் யார் வேலி போடுவார்கள்? பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டேன்.

"அதுங்களா? வாத்தியாரு வேலி," என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.

மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள், எழுதிப் பார்த்தவை:

"கதிரவன் தன் பொற்கரங்களால் கரட்டைத் தழுவிய அந்த—" (காலை ஏழு மணிக்குக் கரடேறுகிற மனிதர் கதிரவனைப் பார்க்கமாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒன்பதே காலுக்குப் பள்ளிக்கூட மணி.)

"ஒவ்வொரு புல்லுக்குள்ளும் ஒரு காடு—" (யாரோ எங்கோ எழுதியிருப்பார்கள்.)

"சர்தாருக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு எட்டு வயது."

இது நிற்கும்.

சர்தார் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். பகுதிநேர ஆய்வு. தலைப்பு, மேய்ச்சல் விலங்குகளும் நாட்டுப் புற்களின் வளர்ச்சியும். 'இந்த நீட்டிப்புதான் கடைசி' என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டுவிட்டது. கரட்டில் வேலி கட்டி, ஆடு புகாத உட்பக்கத்தையும் ஆடு மேயும் வெளிப்பக்கத்தையும் வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் ஏற்றுவார். எல்லாமே உயரம், சென்டிமீட்டரில்.

"ஆடு புல்லைத் தின்னும். புல்லு மறுபடி மொளைக்கும்," என்பாள் அவர் மனைவி ரோஷன் பீ.* "இதுக்கு எட்டு வருஷமா?"

"எப்படி மொளைக்குதுன்னு பாக்கணுமில்ல?"

"பாத்துட்டு வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

* வீட்டில் அவர்கள் பேசுவது உருது. நான் தமிழில் எழுதுகிறேன். ரோஷன் பீயின் உருதுவில் இந்தக் கேலி இன்னும் இரண்டு பங்கு உறைக்கும் என்று நம்பிக்கொள்ளுங்கள்.

3

இனி வில்லன் வேண்டும். ஊராட்சித் தலைவர் பெரியண்ணனை அதற்கு வைத்திருந்தேன். பெரிய மீசை, கறுப்புக் கண்ணாடி, கரட்டை யாருக்கோ தாரை வார்க்கிற திட்டம். நாலு பக்கம் எழுதிய பிறகு பார்த்தால், மனிதர் தன் சொந்தச் செலவில் ஊருக்கு வேப்பங்கன்று வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். என்ன செய்ய? மீசையை எடுத்துவிட்டேன். வில்லத்தனமும் கூடவே போய்விட்டது.

கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் தடுத்திருக்கலாம். நல்லவர் நல்லதென்று நினைத்துச் செய்ததுதான் வினையாயிற்று.

மார்கழியில் ஒருநாள் அவர் கரட்டுப்பக்கம் வண்டியை நிறுத்தினார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலிக்குள் புல் செழித்துக் கதிர் தள்ளி, காற்றில் அலையலையாகச் சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே கணுக்கால் உயரம்கூட இல்லை. கைப்பேசியில் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: 'ஆடு இல்லையென்றால் நம் கரடு இப்படி இருக்கும். சிந்திப்பீர்.'

ஊர் சிந்தித்தது. ஐம்பத்தேழு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். குடியரசு தின கிராம சபையில் கரட்டில் மேய்ச்சலைத் தடுக்கத் தீர்மானம் வரும் என்று பேச்சாயிற்று.

4

சுகுணாவிடம் நாற்பது செம்மறி. புருஷன் குமார் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவன், மாதத்துக்கொரு முறை வருவான். வீட்டை நடத்துவது செம்மறிதான். கரடு போனால் ஆடும் போகும்.

முதல் வரைவில் அவளை இப்படிப் பேசவைத்திருந்தேன்: "மண்ணுக்கும் புல்லுக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு—" அடித்துவிட்டேன். கோபத்தில் இருக்கிறவள் உறவைப் பற்றிப் பேசமாட்டாள். மறுநாள் காலையில் சர்தாரின் வண்டிக்குக் குறுக்கே ஆட்டை நிறுத்திவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"ஏங்க சார், நாலு கம்பி நட்டு என் நாப்பது ஆட்டு வாயையும் கட்டிப்புட்டீங்களே. நல்லா இருப்பீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நான் அளக்கத்தானே—"

"உங்க அளவுல என்ன வந்திருக்குதுங்க?"

சர்தார் நோட்டைத் திறந்தார். உள்ளே தொண்ணூற்றிரண்டு. வெளியே ஏழு.

சுகுணா எட்டிப் பார்த்தாள். "இத அவரு படமாப் போட்டாரு. நீங்க நோட்டுல போட்டிருக்கீங்க. அவ்வளவுதான வித்தியாசம்?"

ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். சர்தார் வண்டியைக் கிளப்ப மறந்து நின்றார். எட்டு வருட நோட்டு கையில் கல்லாகக் கனத்தது.

5

(இந்த இடத்தில் அவருக்கு ஒரு கனவு வந்து அதில் புல் பேசுவதாக எழுத ஆசைப்பட்டேன். கனவில் தீர்வு தருவது திருட்டு. அவர் முட்டி போட்டுப் பார்க்கட்டும்.)

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. சர்தார் வேலிக்குள் புகுந்து, அளவுகோலைக் கீழே போட்டுவிட்டு, தலைவாருகிற மாதிரி புல்லை இருகையாலும் விலக்கினார். மேலே அத்தனை செழிப்பு. அடியில் வெயிலே இல்லை. போன பருவத்துச் சருகு மெத்தையாகப் படிந்து கிடந்தது. கொழுக்கட்டைப்புல் நெடுநெடுவென்று நாலைந்து தாளோடு வெளிறி நின்றது. ஒரு மூலையை ஊசிப்புல் பிடித்துக்கொண்டிருந்தது. அருகம்புல் மஞ்சளாகி மூச்சு முட்டிக் கிடந்தது.

வெளியே வந்து மறுபடி முட்டி போட்டார். அதே கொழுக்கட்டைப்புல், ஆடு நுனி கடித்தது. நெல் தூர் வெடிக்கிற மாதிரி அடியிலிருந்து சுற்றிலும் புதுத் தாள்களாக வெடித்திருந்தது. புல்லின் உயிர்முனை நுனியில் இல்லை, தரையோடு ஒட்டி அடியில் இருக்கிறது. ஆடு நுனியைக் கடித்தால் புல் சாகாது, பக்கத்தில் கிளைக்கும். இதை அவர் இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறார். எழுதினாரே ஒழிய, எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு எண்ணினார். கொத்தமல்லியை மறந்தார்.

6

கிராம சபை. சாமியானா, நாற்காலி, மிக்சர். சர்தார் ஒரு தாம்பாளத்தில் வேரும் மண்ணுமாக இரண்டு புல் கொத்தோடு வந்தார். சீர்வரிசை என்று யாரோ சிரித்தார்கள்.

"தலைவரே, இது வேலிக்குள்ள இருந்தது. இது வெளிய. எத்தனை தூருன்னு நீங்களே எண்ணுங்க."

பெரியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். உள்ளே இருந்ததில் ஆறு. வெளியே இருந்ததில் முப்பதுக்கு மேல் கணக்குத் தப்ப, முதல் வரிசைப் பெண்கள் உதவிக்கு வந்தார்கள். நாற்பத்தொன்று. ஒருத்தி நாற்பத்து மூன்று என்று சண்டைக்கு நின்றாள்.

"அப்ப ஆடு மேஞ்சா நல்லதுங்கறீங்க?" என்றார் பெரியண்ணன்.

சுகுணா சர்தார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். (எழுதுகிற எனக்கும் அதுதான் ஆசை. கதை அதோடு முடிந்துவிடும்.)

"ரெண்டு கொத்தை வெச்சு அப்படிச் சொல்லிட முடியாதுங்க," என்றார் சர்தார். "அளவுக்கு மேல மேஞ்சா அடியும் போயிடும். இன்னொரு மழை பாக்கணும். அடுத்த தையில சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. சுகுணா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பெரியண்ணன் நியாயமாக ஒரு வழி சொன்னார். அடுத்த தை வரைக்கும் பாதிக் கரடு ஆட்டுக்கு, பாதிக்குத் தடை. தீர்மானம் எழுதப்பட்டது, கையெழுத்தாயிற்று, கைதட்டலும் ஆயிற்று.

7

நியாயமான வழிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"நாப்பது ஆட்டையும் பாதியிலயே அடைச்சா ரெண்டு மாசத்துல மொட்டையாயிடுங்க," என்றாள் சுகுணா. சபை கலைந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "அப்பறம் அந்த மொட்டையப் படம் புடிச்சு, பாரு ஆடு பண்ண வேலையன்னு போடுவாரு. நீங்க ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல சார்?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்லச் சொல்றியாம்மா?"

"ஒருவாட்டி சொன்னா என்ன, பல்லு உழுந்துடுமா?"

சர்தார் தாம்பாளத்து மண்ணை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தீர்மான நகலை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"சார். இதுல பாதின்னுதான போட்டிருக்குது? எந்தப் பாதின்னு எங்க போட்டிருக்குது?"

சர்தார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தார். போடவில்லை. மேற்கா கிழக்கா, ஒரு திசையும் இல்லை.

"அப்ப மூணு வாரம் இந்தப் பாதி, மூணு வாரம் அந்தப் பாதி. எப்பவும் பாதி மூடியேதான இருக்கும்? தீர்மானத்துக்கு நான் கட்டுப்பட்டவளாச்சே!"

அன்றைக்குத்தான் சர்தார் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் ஒரு மூட்டைச் சுண்ணாம்போடு கரடேறி, நடுவே கோடு இழுத்தார். விஷயம் தெரிந்து வந்த பெரியண்ணன் தீர்மானத்தை நாலு தரம் படித்தார். கடைசியில், "எழுதினது நான்தான்," என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, கோட்டைக் கொஞ்சம் நேராக இழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

8

முடிவுகள், கைவசம் இருப்பவை:

அ) தை வருகிறது. வேலிக்குள் புல் மூச்சு முட்டி மடிகிறது. மாற்றி மாற்றி மேய்ந்த பாதிகளில் கொழுக்கட்டைப்புல் பாய் விரிக்கிறது. சர்தார் இனி டாக்டர் சர்தார். (சுகுணாவைப் பிடித்தவர்கள் இதை எடுப்பீர்கள். எனக்கும் பிடித்தவள்தான்.)

ஆ) மழை பொய்க்கிறது. எல்லாப் பக்கமும் சமமாகக் காய்கிறது. எட்டு வருட நோட்டு எதையும் நிரூபிக்கவில்லை.

இ) வேலிக்குள் புல்தான் ஜெயிக்கிறது. (முறைக்காதீர்கள். புல் கதை படிப்பதில்லை.)

இதை எழுதுகிறபோது புரட்டாசி. போன வாரம், அதாவது நான் எழுதிய போன வாரம், சர்தார் நோட்டில் தூர்க் கணக்குக்கென்று புதுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். சுகுணா கோட்டைத் தாண்டி ஆடுகளை மறு பாதிக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"சார், வெளிப்பக்கம் ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க?"

"எழுதுவேன்."

"உள்பக்கம் ஜெயிச்சா?"

சர்தார் கொஞ்சம் தயங்கினார். "அதையும் எழுதுவேம்மா."

சுகுணா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதுங்க," என்றாள். "ஆனா வெளிய ஆறுன்னு எழுதறதுக்கு முன்னாடி என்னைக் கூப்புடுங்க. நானும் எண்ணறேன்."

அந்தப் பக்கத்தை உங்களிடம் தருகிறேன்.

தை. தூர் எண்ணிக்கை:
உள்ளே ______
வெளியே ______

பென்சிலால் எழுதுங்கள்.