மூன்றாவது தடவை

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நியூஜெர்சியிலிருந்து கொரினின் அக்கா ஜினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஜினாவின் கணவனுடைய குளிர்பதனக் கிடங்கில் கொரினின் கணவன் டாரனுக்கு வேலை காத்திருந்தது. பக்கத்துத் தெருவிலேயே வாடகைக்கு வீடும் இருந்தது.

"உன் இஷ்டம், கொரின்," என்றான் டாரன். எங்கள் ஹால்வர் ஊர் பால் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் அவன். ஒரு மோட்டாரும் ஒரு ஸ்பானரும் இருந்தால் எந்த ஊரும் அவனுக்குச் சொந்த ஊர்தான்.

"இங்க வந்து நாலு வருஷமாச்சு. நம்ம சமையலறை நாற்காலியில வெளியாள் யாராவது உக்காந்திருக்காங்களா, சொல்லு."

"போன வருஷம் குழாய் ரிப்பேர் பண்ண ஒருத்தர்..."

"அவர் தரையில படுத்திருந்தார்."

டாரன் கைக்குழந்தை எம்மெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை மாலை எதிர்வீட்டு ஆர்டிஸ் பூசணிக் கேக் தட்டோடு வாசலில் நின்றாள். அறுபதைத் தாண்டியவள். அவசரத்தில் கணவர் வெர்லினின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு. குழந்தைங்க சாப்பிடுமேன்னு கொண்டுவந்தேன்."

"ரொம்ப தேங்க்ஸ். உள்ள வாங்க, காபி போடறேன்."

"ஐயோ, வேண்டாம்மா. உனக்கெதுக்கு சிரமம்."

"சரி," என்றாள் கொரின்.

ஆர்டிஸ் உடனே போகவில்லை. இந்த வருஷம் பனி சீக்கிரம் வந்துவிடும் போலிருக்கிறது என்றாள். தெற்கு வயலில் சோளம் இன்னும் நிற்கிறது என்றாள். கொரினின் தோளுக்கு மேலாக உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு படியிறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டுக் கொரின் முணுமுணுத்தாள். "ஒரு வாய் காபி குடிச்சா கௌரவம் குறைஞ்சிடுமாக்கும்."

சனிக்கிழமை காலையில் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. ஏழு வயது மகள் ஜோஸி மேஜையருகே நின்றாள்.

"வேணுமா?"

"வேண்டாம்மா, பரவாயில்ல."

கொரின் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஜோஸியின் உதடு பிதுங்கியது. அடுத்த நிமிடம் அழுகை.

"ஏண்டி, நீதானே வேண்டாம்னு சொன்ன?"

"நீ ஒரு தடவைதானே கேட்ட."

"எத்தனை தடவை கேக்கணும்?"

"மூணு." இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள் ஜோஸி. "முதல் தடவை சும்மா மரியாதைக்குக் கேக்கறது. அப்ப வேண்டாம்னுதான் சொல்லணும். உடனே வாங்கினா பேராசைக்காரின்னு நினைப்பாங்க. மூணாவது தடவை கேட்டாத்தான் நெசமாவே குடுக்கறாங்கன்னு அர்த்தம்."

"இதை உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்."

கொரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நியூஜெர்சியில் அவள் வளர்ந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒரு போர்க்களம். வேண்டும் என்றால் கையை நீட்டி எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் தட்டு அடுத்தவனிடம் போய்விடும். வந்த முதல் குளிர்காலத்தில் வெர்லின் வந்து, "உங்க வாசல் பனியை ஒதுக்கித் தரட்டுமா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "தாராளமா. பின்பக்கமும் சேர்த்துப் பண்ணிடுங்க," என்று சொல்லியிருந்தாள் அவள். எங்கள் ஊர் அதை இரண்டு குளிர்காலம் பேசித் தீர்த்தது. பின்பக்கத்தையும் வெர்லின் ஒதுக்கித்தான் கொடுத்தார், அது வேறு விஷயம்.

வாசலில் நின்று வானிலை பேசிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. யாரும் அவளை ஒதுக்கவில்லை. இரண்டாவது அழைப்புக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள்.

மதியம் தட்டைக் கழுவித் துடைத்தாள். ஆர்டிஸ் கடிதப் பெட்டியருகே வந்ததும் வாசலுக்குப் போனாள்.

"உங்க தட்டு உள்ள இருக்கு. வாங்களேன், காபி குடிச்சிட்டு எடுத்துட்டுப் போகலாம்."

"இல்லம்மா, இப்பதான் குடிச்சேன்."

"அது வீட்டுக் காபி. இது வேற."

"உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

கொரினுக்கு நாக்கு நுனியில் 'சரி' வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள். "வேலை எங்க போகுது? வாங்க."

ஆர்டிஸ் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். "சரி, அரைக் கப். அதுக்கு மேல வேண்டாம்."

அந்த அரைக் கப் நான்கு முறை நிறைந்தது. இருட்டும்வரை பேச்சு ஓயவில்லை.

"உனக்கு ஆளுங்க வந்தா பிடிக்காதுன்னு நினைச்சோம்," என்றாள் ஆர்டிஸ். "ஒரு தடவை கூப்பிட்டுட்டு, தப்பிச்சோம்னு கதவைச் சாத்திடுவ."

"நேராச் சொல்லித் தொலைச்சா என்ன? எதுக்கு இத்தனை சுத்தல்?"

"நேராச் சொன்னா நேரா சண்டை வரும். ஜனவரியில கார் பனியில மாட்டிக்கிச்சுன்னா தள்ள அதே ஆள்தானே வரணும்?" ஆர்டிஸ் முழங்காலில் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சரி, அப்ப வரேன்." கதவருகே நின்று மேலும் முக்கால் மணி நேரம் பேசினாள்.

அன்றிரவு போர்வை போர்த்தும்போது கொரின் கேட்டாள். "ஜோஸி, பெரியம்மா ஊருக்குக் குடிபோனா உனக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும்மா, பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல' கொரினை உலுக்கியது. நியூஜெர்சியில் இவளை யார் மூன்று முறை கேட்பார்கள்? பிறந்தநாள் விருந்துகளில் ஒரு முறை வேண்டாம் என்பாள். தட்டு நகர்ந்துவிடும். நான்கு வருஷம் கொரின் இங்கே நின்ற மாதிரி, குழந்தை அங்கே வாசலில் நிற்பாள்.

"நெசமா? அங்க போகலாமா?"

"உனக்குப் பிடிச்சா போகலாம்."

"ஜோஸி, கேக்கறேன் சொல்லு. போகணுமா?"

குழந்தை போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்மா."

மறுநாள் ஜினாவின் போன் வந்தது. சுற்றி வளைக்கவில்லை. "வரீங்களா, இல்லையா?"

"இல்லக்கா. இங்கயே இருக்கோம்."

"சரி. அப்ப அந்த வேலைக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிடறேன். குழந்தைங்க நல்லா இருக்காங்களா?"

பேச்சு முடிந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொரின் நின்றாள்.

"என்னாச்சு? கோவிச்சுக்கிட்டாளா?" என்று கேட்டான் டாரன்.

"அதெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் முகம் இப்படி இருக்கு? நீதானே வேண்டாம்னு முடிவு பண்ண?"

"ஆமா, வேண்டாம்தான்," என்றாள் கொரின். "ஆனாலும், இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் இல்ல?"